தொண்ணூற்றொன்பது நாட்டு கிறிஸ்துதாஸ்

முதலியார்பேட்டை கிறிஸ்துதாஸுக்குத் தொண்ணூற்றொன்பது நாடுகளோடு பழக்கம். பாஸ்போர்ட் கிடையாது. விழுப்புரத்தைத் தாண்டினாலே தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கொல்லைத் தென்னைக்கும் நடுவே அவர் இழுத்துக் கட்டியிருந்த செம்புக் கம்பிதான் அவருக்குக் கப்பல், விமானம், விசா எல்லாம்.

அமெச்சூர் ரேடியோ என்று ஒன்று இருக்கிறது. பரீட்சை எழுதி, போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போய், தில்லியிலிருந்து லைசென்ஸும் நமக்கென்று ஓர் அழைப்புக்குறியும் வந்து சேர்ந்தால், வீட்டிலேயே ரேடியோ செட்டை வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசலாம். என்ன பேசுவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். 'நான் அனுப்புவது உனக்கு வருகிறதா?' என்று இவர் கேட்பார். 'வருகிறது. நான் அனுப்புவது?' என்று அவர் கேட்பார். இரண்டு பக்கமும் வருகிறது என்று உறுதியானதும், மனநிறைவோடு விடைபெற்றுக்கொள்வார்கள். கல்யாணமான பல பேருக்கு வாய்க்காத உரையாடல் இது.

கிறிஸ்துதாஸ் இதிலும் வாயால் பேசுகிற ரகம் இல்லை, தட்டுகிற ரகம். கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டினால் அது சன்னமான ஒரு விசிலாக மாறி ரேடியோவுக்குள் போகும். கடல் கடந்து இன்னொரு கம்ப்யூட்டர் அந்த விசிலைத் திரும்ப எழுத்தாக்கும். இதற்கு பி.எஸ்.கே. என்று பெயர். "இன்டர்நெட் வந்தாச்சே, இன்னும் இது எதுக்கு?" என்று யாராவது கேட்டால், "இன்டர்நெட்டுல நடுவுல ஒரு கம்பெனிக்காரன் உக்காந்திருக்கான். இதுல நடுவுல வானம் மட்டும்தான்" என்பார். சொல்லிவிட்டு, கேட்டவர் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விடுவார்.

உட்காரத் தெரியாத மனிதர். உழவர்கரைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்டர் அவருடையது. நாற்காலி இருந்தது. அதில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். அவர் நின்றுகொண்டே, பிறந்த குழந்தையின் பெயரை எழுதும்போதே இறந்தவர் வரிசையை எட்டிப் பார்ப்பார். மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் கடைசி ஆசீர் கொடுப்பதற்குள் அவருடைய ஒரு கால் செருப்பில் இருக்கும். மனைவி ஸ்டெல்லாமேரி சொல்லுவார்: "எங்க வூட்டுக்காரர் தூங்கும்போதுகூட எங்கியோ போய்க்கிட்டுத்தான் இருப்பாரு."

இப்படிப்பட்டவருக்கு நாடு நாடாகத் தாவுகிற பொழுதுபோக்கு அமைந்தது கடவுள் கொடுத்தது. அதிலும் நூறு நாடுகளைத் தொட்டவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்றிதழ் வரும். சட்டம் போட்டு மாட்டலாம். கிறிஸ்துதாஸ் முன்யோசனைக்காரர், கூடத்துச் சுவரில் ஆணியை அடித்துவிட்டார். தொண்ணூற்றொன்பதில் வண்டி நின்று ஒரு வருஷம் ஆகிறது. சும்மா இருக்கிற ஆணிதானே என்று ஸ்டெல்லாமேரி அதில் பங்குக் கோயில் காலண்டரை மாட்டி வைத்திருந்தார். கிறிஸ்துதாஸ் பார்க்கும்போதெல்லாம் கழற்றுவார். அந்த அம்மாள் மறுபடி மாட்டுவார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தவக்காலத்தில் அந்தச் செய்தி வந்தது. தெற்கே, பனிக்கட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பிரெஞ்சுத் தீவுக்கு, பிரான்சிலிருந்து நாலைந்து ரேடியோக்காரர்கள் கப்பலேறிப் போகிறார்கள். ஒரு வாரம் இருப்பார்கள். பி.எஸ்.கே.யிலும் வருவார்கள். அந்தத் தீவில் நிரந்தரக் குடிமக்கள் என்றால் பென்குவின்கள்தான். இருந்தாலும் ரேடியோ உலகத்தின் கணக்கில் அது தனி நாடு. நம் புதுச்சேரி மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்திருக்கிறது. பென்குவினுக்கு நாட்டு அந்தஸ்தே கொடுத்துவிட்டார்கள். பென்குவின்கள் தீர்மானம் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"நூறாவது பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து வருது பாத்தியா?" என்றார் கிறிஸ்துதாஸ். சின்ன வயசில் கான்வென்ட் சிஸ்டர்களிடம் அடி வாங்கிக் கற்ற பிரெஞ்சு அவரிடம் இன்னும் பாக்கி இருந்தது. "நான் அவனுக்கு பொன்ஜூர்னு வணக்கம் போடுவேன். வேற எந்த இந்தியாக்காரனும் போட மாட்டான்."

"பென்குவினுக்கு பிரெஞ்சு தெரியுமா?" என்று கேட்டார் ஸ்டெல்லாமேரி.

செய்தி மீன் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. வஞ்சிரம் விற்கிற ராஜாம்பாள்கூட, "இன்னா சாரே, தீவு வந்திச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில் வானத்தின் இடநெருக்கடியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பி.எஸ்.கே.காரர்களுக்கு என்று பதினாலு மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. சாயந்தரம் வெயில் இறங்கும் நேரத்தில் நம் ஊருக்கு அந்தச் சந்து வழியாக ஐரோப்பா திறக்கும். இருட்டினால் மூடிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் உலகமே அங்கேதான் கூடும். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொருவரும் ஒரு மெல்லிய மஞ்சள் கோடாக மேலிருந்து கீழே இறங்குவார்கள். இதை அருவி என்று சொல்வார்கள். எனக்கு அது நம் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரித்தான் தெரிகிறது. ஆளுக்கு ஒரு துண்டு அகலம் இடம். பனியன்காரர் பக்கத்தில் செருப்புக்காரர், அவர் பக்கத்தில் பழைய புத்தகக்காரர். கடை போடுவதற்கு முன்னால், 'இங்கே யாராவது இருக்கீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் மிதிக்கக் கூடாது. முக்கியமாக, சத்தம் போடக் கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகிற விசிலை அளவுக்கு மேல் கூட்டினால், அது தூரமாகப் போகாது, அகலமாகத்தான் போகும். ஒரு கோடு பத்துக் கோடாக விரிந்து, இருபக்கத்துக் கடைகளின் மேலும் தார்ப்பாய் போட்டு மூடிவிடும்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் கிறிஸ்துதாஸுக்கு மனப்பாடம். யாரும் நியமிக்காமலேயே சந்தின் காவல்காரராக அவர் பணியாற்றிவந்தார். யாராவது கொஞ்சம் உரசினால் போதும், 'தயவுசெய்து ஒரு துண்டு தள்ளிப் போகவும்' என்று அவரிடமிருந்து ஒரு வரி போகும். அர்ஜென்டினாக்காரர் ஒருத்தர் இவர் அழைப்புக்குறியைப் பார்த்தாலே தானாகத் தள்ளிப் போய்விடுவாராம்.

தீவுச் செய்தி வந்த அன்றைக்கு, அந்தக் காவல்காரர் தன் கம்ப்யூட்டரில் சத்த அளவைக் கூட்டிக் குறைக்கிற குமிழைப் பிடித்து, மேலே போய் முட்டுகிற வரைக்கும் தள்ளிவிட்டார். பென்குவின் வரைக்கும் போக வேண்டாமா?

நீங்கள் இப்போதே புரிந்துகொண்டிருப்பீர்கள். கிறிஸ்துதாஸுக்குப் புரியவில்லை. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. நாம் அனுப்புகிற நேரத்தில் நம் செட்டின் காது மூடிக்கொள்ளும். திரையில் அருவி உறைந்து நின்றுவிடும். நம் கோடு எவ்வளவு அகலம் என்பதை உலகமே பார்க்கும், நம்மைத் தவிர.

புதுவை வானொலி ஆர்வலர் சங்கம் ஞாயிறு காலைகளில், முதலியார்பேட்டையில் ஒரு தையல் கடையின் மாடியில் கூடும். மொத்தம் ஏழு உறுப்பினர்கள். தீவுச் செய்தி வந்த அடுத்த ஞாயிறு எழுந்து நின்று புகார் சொன்னவர் அரியாங்குப்பம் ஆதிமூலம். மில்லில் முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்று காது போனவர். காது போன பிறகு வாய்ப்பேச்சு ரேடியோவை மூட்டை கட்டிவிட்டு, எழுத்து ரேடியோவுக்கு வந்தார். அவருக்கு நாட்டுக் கணக்கு எதுவும் இல்லை. பல்கேரியாவில் ஸ்டாய்ச்சோ என்று ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருத்தர். இரண்டு பேரும் தினம் சாயந்தரம் தப்புத் தப்பான ஆங்கிலத்தில் தக்காளி, மழை, மருமகள் என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் உலகம் சுற்றினார்கள் என்றால், ஆதிமூலம் ஒரே வீட்டுக்கு நடையாக நடந்தார்.

"பாண்டிச்சேரியிலேருந்து ஒரு சிக்னல் வருதுங்க!" என்று ஆதிமூலம் கத்தினார். காது கேட்காதவர், அவருக்குச் சாதாரணப் பேச்சே அவ்வளவுதான். "ராட்சச சிக்னல்! வந்தா வூடு, வாசல் எல்லாம் மூடிப்புடுது! முந்தாநேத்து ஸ்டாய்ச்சோ பொண்டாட்டிக்கு இதய ஆபரேசன். 'ஆபரேசன் முடிஞ்சுது, அவ'ன்னு அடிச்சான். அதோட போச்சு! அவ இன்னா ஆனான்னு எனக்கு இன்னும் தெரியாது! அவனும் ரெண்டு நாளா வரல!"

செயலாளர் பூர்ணிமா, கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிற பெண், பேனாவை மூடித் திறந்தார். "எல்லாரும் ஒரு தடவை அவங்கவங்க சத்த அளவைப் பாத்துக்கிட்டா நல்லது" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். பார்வை மட்டும் பொதுவாக இல்லை.

"என்னோடதைப் பாத்துட்டேம்மா" என்றார் கிறிஸ்துதாஸ், உட்காராமல். "என் அருவி படு சுத்தம். நான் பாக்குற நேரம் பூரா அந்த ஆள் வர்றதே இல்ல. நான் அனுப்பிட்டுத் திரும்பிப் பாத்தா, அப்பதான் வந்துட்டுப் போயிட்டான்னு நாலு பேர் புலம்பறாங்க. யோசிங்க. நான் கேக்கும்போது அடங்கறான், நான் அனுப்பும்போது வர்றான். என் டைமிங்கைத் தெரிஞ்சி வச்சிக்கிட்டுச் செய்யிறவன். உள்ளூர் ஆள். நம்ப சங்கத்து ஆளாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம் சார்" என்றார் பூர்ணிமா.

"தீவு வர்ற நேரத்துல இத விட முடியாது. தீர்மானம் எழுதுங்க. குற்றவாளி யாரா இருந்தாலும், தீவு வாரம் முடிஞ்சி வர்ற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவர் நிலையத்துலேருந்து ஒரு எழுத்துகூட வெளிய போகக் கூடாது."

"யாரா இருந்தாலுமா சார்?"

"எங்கப்பனா இருந்தாலும்."

"அப்ப நீங்களே முன்மொழிஞ்சதா எழுதிக்கிறேன். இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லாக் கைகளும் இவ்வளவு சுறுசுறுப்பாக உயர்ந்து சங்க வரலாற்றிலேயே யாரும் பார்த்ததில்லை.

கிறிஸ்துதாஸின் சந்தேகம் ஆதிமூலத்தின் மேல் விழுந்தது. முதலில் கத்தியவர் அவர்தானே. கவுண்டரில் நின்றபடியே, ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரை எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. தூண்டில்! தன் செட்டை யாருமில்லாமல் அனுப்ப விட்டுவிட்டு, அதே நேரம் ஆதிமூலம் வீட்டில் போய் நின்றால் ஆள் கையும் களவுமாக மாட்டுவாரே!

பி.எஸ்.கே. மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால், 'எல்லோருக்கும் அழைப்பு, பாண்டிச்சேரி, தாஸ்' என்று அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். லைசென்ஸ்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கிறிஸ்துதாஸ் மனைவியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. சும்மா பாத்துக்கோ."

"லைசென்ஸ் எனக்கா இருக்கு?"

"புருசன் லைசென்ஸ் பொண்டாட்டிக்குச் செல்லும்" என்று புதிதாக ஒரு சட்டத்தை இயற்றிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஒரு லாரி முன்னால் ஊர்ந்தது. ஹாரன் அடித்தார், கால் ஊன்றினார், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். இந்த நேரம் அந்த ஆள் வேலையை முடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டால்?

ஆதிமூலம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "வாங்க தாஸ் சார்! துர்கா! சாருக்கு ஒரு டீ!" மருமகள் துர்கா இரண்டு டம்ளரோடு வந்தார். கிறிஸ்துதாஸ் டீயை வாங்கவில்லை. ஆதிமூலத்தின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் டம்ளரைப் பிடித்திருந்தன. திரையில் மஞ்சள் கோடுகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்டாய்ச்சோவின் இடம் காலியாகக் கிடந்தது.

சட்டென்று அருவி சிவந்தது. நடுவே தடியாக ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி கோடு கோடாக விரிந்து, திரையின் பாதியை அடைத்தது. மற்றவர்களெல்லாம் இருந்த இடம் தெரியவில்லை.

"வந்துட்டான்!" என்று குதித்தார் கிறிஸ்துதாஸ். "பாத்தீங்களா, வந்துட்டான்!" பிறகு ஆதிமூலத்தின் கையைப் பார்த்தார். டம்ளர் அங்கேயேதான் இருந்தது. "அப்ப... நீங்க இல்லியா?"

"நான் இன்னாத்த பண்ணேன்? டீ குடிக்கிறேன்."

"அப்ப யாரு?"

ஆதிமூலம் டம்ளரை வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் எலியை நகர்த்தி, நடுக்கோட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். கீழே எழுத்துகள் ஊர்ந்து வந்தன. ஆதிமூலம் அவருடைய சாதாரணக் குரலில், அதாவது தெருவுக்கே கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அழைப்புக்குறி. எல்லோருக்கும் அழைப்பு. பாண்டிச்சேரி. தாஸ்.

"எவனோ என் பேர்ல..." என்று ஆரம்பித்த கிறிஸ்துதாஸ், பாதியில் நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். "ஸ்டெல்லா, செட்டை ஆஃப் பண்ணு. அந்தச் செவப்பு ஸ்விட்ச்."

அருவி உடனே வெளுத்தது. மழை விட்டதும் சந்தையில் கடைகள் திறந்த மாதிரி, மெல்லிய கோடுகள் ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன.

"ஆன் பண்ணு."

சிவந்தது.

"ஆஃப் பண்ணு."

வெளுத்தது.

"இப்ப ஆன் பண்ணு."

"போடவா, அணைக்கவா, ஒண்ணு சொல்லுங்க!" என்றார் ஸ்டெல்லாமேரி போனில். "தோசைக்கல்லு அடுப்புல காயுது."

கிறிஸ்துதாஸ் போனை வைத்தார். அந்த வீட்டில் முதல் தடவையாக, அவராகவே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா ஆதிமூலண்ணே?"

"தெரியும் சார்!"

"தெரிஞ்சா சொல்றதுதானே?"

"சொன்னேனே! பாண்டிச்சேரி சிக்னலுன்னு சங்கத்துல எழுந்து நின்னு சொன்னேனே! பேரச் சொன்னா நல்லா இருக்குமா? நீங்களே புரிஞ்சிப்பீங்கன்னு பாத்தோம்."

"பாத்தோமா? யார் யாரு?"

ஆதிமூலம் டீ டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார். காது கேட்காததில் சில சௌகரியங்கள் உண்டு. ஏழு பேர் சங்கத்தில் ஆறு கைகள் ஏன் அவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்தன என்பது கிறிஸ்துதாஸுக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றைக்கே குமிழைக் கீழே இறக்கிவிட்டார். கோடு மெலிந்தது, ஊர் அடங்கியது. அதோடு விஷயம் முடிந்திருக்கலாம். பூர்ணிமாகூட போனில் சொன்னார்: "சார், சரிபண்ணிட்டீங்க இல்ல? விடுங்க. தீர்மானத்தை ரத்து பண்ணிடலாம். ஆறு பேரும் கை தூக்குவாங்க."

"தூக்குவீங்கம்மா. அதான் பாத்தேனே" என்றார் கிறிஸ்துதாஸ். "அதுல என் கையெழுத்து இருக்கு. எங்க கவுண்டர்ல தினம் பத்துப் பேர் வந்து அழறாங்க. பேர் தப்பா போயிருச்சி, தேதி தப்பா போயிருச்சி, மாத்திக் கொடுங்கன்னு. பதிவானது பதிவானதுதான்னு சொல்லி அனுப்பறேன். எனக்குன்னா மட்டும் மாத்திக்கவா?"

சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான், தீவு வருவதற்கு மூன்று நாளே இருப்பது நினைவுக்கு வந்தது.

ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஒயர் இரண்டு. கேட்பதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று. அனுப்புகிற ஒயரை உருவி ஸ்டெல்லாமேரியிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. தீவு வந்தது. முதல் நாளே வந்தது. பளிச்சென்று ஒரு கோடு. அது கூப்பிட்டதும், மேலே கொஞ்சம் தள்ளி ஐரோப்பா மொத்தமும் முண்டியடித்து விழுந்தது. கிறிஸ்துதாஸ் திரைக்கும் வாசலுக்கும் நடந்தார். வாசலுக்கும் மாடிக்கும் நடந்தார். மாடிக்குப் போய்க் கம்பியை இழுத்துப் பார்த்தார், கம்பி மேல் என்ன குற்றம் இருக்கிறது என்று தெரியாமல். கவுண்டரில் ஒரு இறப்புப் பதிவில் இடம் என்கிற கட்டத்தில் தீவின் பெயரை எழுதிவிட்டு அடித்துத் திருத்தினார். வஞ்சிரம் ராஜாம்பாள் "தீவு?" என்று கேட்டபோது, "வந்திருக்கு, ஆனா பாக்கத்தான் விட்டிருக்காங்க" என்றார்.

மூன்றாம் நாள் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார். "ஸ்டெல்லா, அந்த ஒயர் சரியா இருக்கான்னு ஒரு சின்ன டெஸ்ட்..."

"தீர்மானத்துல டெஸ்டுன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. ஓட்டை உடைசல் இல்லாமல் எழுதியவர் அவரேதான்.

வெள்ளிக்கிழமை தீவுக்காரர்கள் மூட்டை கட்டுகிற நாள். சாயந்தரம் ஆதிமூலத்திடமிருந்து போன். போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கூடமெல்லாம் கேட்டது. "தாஸ் சார்! தீர்மானம் உங்க நிலையத்துக்குத்தான்! உங்க விரலுக்கு இல்ல! இங்க வந்து என் செட்டுல கூப்பிடுங்க!"

பேச்சு முடியுமுன்பே அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாமேரி கேட்டார்: "அவர் செட்டுல கூப்பிட்டா யார் அழைப்புக்குறி போகும்?"

"யார் வூட்டு நிலையமோ அவரோடது."

"அப்ப தீவு யார் கணக்குல வரும்?"

"அவர் கணக்குல."

"அவருக்குத்தான் கணக்கே இல்லியே. அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?"

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதைச் சரிசெய்யாமலே மொபெட்டை உதைத்தார்.

அரியாங்குப்பத்தில் நாற்காலி காலியாக இல்லை. ஆதிமூலம் திரையில் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்தார். "வந்துட்டான் சார்! ஸ்டாய்ச்சோ வந்துட்டான்!"

"நல்லதுண்ணே. தீவு அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு, பாருங்க. ரெண்டு நிமிசம் விட்டீங்கன்னா..."

"இருங்க சார்."

"அவன் கிளம்பிருவான். பொழுது வேற சாயுது. சந்து மூடிரும்."

ஆதிமூலம் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தீவுல யாரும் ஆஸ்பத்திரில படுத்திருக்கல சார்" என்றார். முதல் தடவையாகச் சின்னக் குரலில் சொன்னார்.

ஸ்டாய்ச்சோவின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த மனிதருக்கு அவசரம் என்பதே கிடையாது. சரக்கு ரயில் ஓட்டியவராக இருக்க வேண்டும். மனைவி... ஆபரேசன்... என்று வந்து, நடுவில் மழையைப் பற்றி இரண்டு வரி போனது. கிறிஸ்துதாஸ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். அந்தப் பக்கம் தீவின் கோடு வெளுத்துக்கொண்டே வந்தது. இந்தப் பக்கம் எழுத்துகள் நின்று நின்று வந்தன. எப்போதிலிருந்து இந்தப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது. "சொல்லுடா, அவ இன்னா ஆனா?" என்று வாய்விட்டுக் கேட்டார்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் அடுப்படி அழுக்காக இருக்கிறது என்று திட்டினாள். ஸ்டாய்ச்சோ சந்தோஷமாக இருக்கிறார்.

ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கண்ணாடியைத்தான் துடைத்தார் என்று நாமும் வைத்துக்கொள்வோம். பதில் எழுதி விடைபெற்றுக்கொண்டு எழுந்தார். "உக்காருங்க சார். உங்க தீவைப் புடிங்க."

உட்கார்ந்ததும் கிறிஸ்துதாஸின் கை தன்னால் சத்தக் குமிழுக்குப் போனது.

"அது அங்கியே இருக்கட்டும் சார்."

கையை எடுத்துக்கொண்டார். ஆதிமூலத்தின் செட் பழசு, பலம் குறைச்சல். முண்டியடிக்கிற கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் ஒரே இடத்தில் ஒருவர் மேல் ஒருவர். அவர்களுக்கு மேலே, ஓரமாக ஒரு துண்டு அகலம் காலியாக இருந்தது. காலிதானா என்று பொறுத்துப் பார்த்தார். பொறுத்துப் பார்ப்பது அவர் உடம்புக்குப் புதுசு. முழங்கால் தானாக ஆடியது. பிறகு ஆதிமூலத்தின் அழைப்புக்குறியை ஒரே ஒரு தடவை போட்டு, 'பொன்ஜூர், தட்டுவது தாஸ்' என்று சேர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

வேறு யாரையோ எடுத்தார்கள். மறுபடி ஒரு தடவை. வேறு யாரையோ. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. மறுபடி.

திரையில் ஆதிமூலத்தின் அழைப்புக்குறி முழுசாக வந்தது. பக்கத்தில்: 'பொன் சுவார் பாண்டிச்சேரி. மெர்சி தாஸ்.' கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு கரைந்து இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது.

"இன்னா போட்டிருக்கான்?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"உங்களுக்கு மாலை வணக்கம் சொல்றான்."

"நல்ல பையன்!" என்றார் ஆதிமூலம். தனக்கு ஒரு நாடு கிடைத்திருப்பதைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை.

வீட்டில் ஸ்டெல்லாமேரி சோற்றைப் போட்டுக்கொண்டே, "கெடச்சுதா?" என்றார்.

"கெடச்சுது."

"அப்ப நூறா?"

"தொண்ணூத்தொம்போது." சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பொம்பள பொழச்சிக்கிச்சாம்" என்றார்.

"எந்தப் பொம்பள?"

அந்தக் கதையைச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும், உட்கார்ந்தபடியே சொன்னார்.

சனிக்கிழமை சாயந்தரம். தண்டனை ஞாயிறு வரைக்கும் இருக்கிறது. ஒயர் இன்னும் பீரோவில். கிறிஸ்துதாஸ் சும்மா அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிமூலத்தின் கோடும் ஸ்டாய்ச்சோவின் கோடும் ஒன்றுக்கடுத்து ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று அவர்கள் மேல் சிவப்பாக ஒன்று விரிந்தது. விலா எலும்பு விலா எலும்பாக. எலியைத் தட்டிப் பார்த்தார். இத்தாலிக்காரர் ஒருத்தர், தார்ப்பாயோடு.

கிறிஸ்துதாஸ் துள்ளி எழுந்தார். ரேடியோவின் பின்பக்கம் ஒயர் இல்லாத ஓட்டையைத் தடவினார். பீரோவைப் பார்த்தார். உட்கார்ந்தார். எழுந்தார்.

"யாராவது அந்த ஆளுக்குச் சொல்லுங்களேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். "அவனுக்கே தெரியாது ஸ்டெல்லா. அவன் அருவி சுத்தமா இருக்கும்!"

ஸ்டெல்லாமேரி கூடத்தில் அந்த ஆணியில் காலண்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொன்னா நம்புவானா?" என்றார்.

கிறிஸ்துதாஸ் ஆணியைப் பார்த்தார். காலண்டரை அவர் கழற்றவில்லை.

"மாட்டான்" என்றார். சொல்லிவிட்டு, மறுபடியும் மாடிக்குப் போய்க் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.